கிழக்குச் சுவரில் ஒரு கொக்கி

பெரிய மண்டபத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். பன்னிரண்டு பக்கம், வழுவழுப்பான தாள். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் தானிய வியாபாரிகள் மூட்டைகளை எடைபோடுவதற்காகக் கட்டியது, ஒரு போரில் காயம்பட்டவர்களை வரிசையாகப் படுக்கப் போட்டது, அப்புறம் நீதிமன்றமானது, கடைசியில் கச்சேரியும் நாடகமும் பரீட்சையும் ஓட்டு எண்ணிக்கையும் நடக்கிற இடமானது, எல்லாம் படத்தோடு இருந்தது. தீப்பிடித்ததைப் பற்றி ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி. "காவலாளியின் கவனக்குறைவால் தீ பரவி மேற்கூரை முழுவதும் அழிந்தது." அவ்வளவுதான். எழுதினவருக்குக் கை கூசவில்லை.

அந்தக் காவலாளியின் மனைவிதான் மூன்று மாதமாக அதே மண்டபத்தின் சுவரில் கரி துடைத்துக்கொண்டிருந்தாள். அது அங்கே யாருக்கும் தெரியாது.

ஆள் எடுத்த அன்று மேஸ்திரி கேட்டது இரண்டே கேள்வி. உயரம் ஏறினால் தலை சுற்றுமா, கை நடுங்குமா? யார் பெண்டாட்டி என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. வீட்டிலும் வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் துணி துவைக்கிற வேலை என்று வீட்டுக்காரரிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தாள். மண்டபம் என்ற பேச்சு எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிற மனுஷரிடம் என்னத்தைச் சொல்வது? சம்பளத்துக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய்தான். அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டபம் பூட்டிக் கிடந்தபோது, மேடைக்குப் பின்னால் இருந்த பழைய மின்பலகையில் புகைந்தது. காவலுக்கு அவர் ஒருவர்தான். கிழக்கு வாசலை ஒட்டி அவருடைய நாற்காலி. அங்கிருந்து ஏழே தப்படியில் சுவரில் ஒரு கொக்கி, தீயணைப்பு சிலிண்டர் மாட்டுகிற கொக்கி. ஓடினார். புகையில் கண் தெரியவில்லை, கையால் துழாவினார். கொக்கி கைக்குத் தட்டுப்பட்டது, சிலிண்டர் தட்டுப்படவில்லை. எப்படித் தட்டுப்படும்? மருந்து நிரப்பி வருகிறோம் என்று கழற்றிக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மண்டபச் செயலாளரிடம் அவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். "வரும்பா, வரும். நீ உன் வேலையப் பாரு" என்பதுதான் மூன்று தடவையும் கிடைத்த பதில். அன்றைக்கு வேறு வழியில்லாமல் எரிகிற திரைச்சீலையை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். வலது உள்ளங்கை வெந்து, ஆறியபோது விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது, அடடா, என்ன அதிசயம்! கொக்கியில் சிலிண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் கரி. முத்திரை உடையவில்லை, உள்ளே மருந்து நிறைய இருந்தது. நடந்து வந்து தானாக மாட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"கைக்கு எட்டுற தூரத்துல இருந்திருக்கு. ஏன் எடுக்கல?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"அன்னிக்கு அது அங்க இல்லைங்க. செயலாளர்கிட்ட மூணு தடவ சொன்னேன்."

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"வாயாலதான் சொன்னேங்க."

"வாயால சொன்னத நாங்க எங்க போய்த் தேடுறது?"

வேலை போனது. அதைக்கூட விடுங்கள். முதல் வருடம் அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தினார், கொக்கி வெறுமையாக இருந்தது என்று சத்தியம் செய்தார். இரண்டாம் வருடம் கத்துவது நின்றது. மூன்றாம் வருடம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "புகையில நான் வேற சுவத்துல தேடிட்டேன் போல. அது இருந்திருக்கும்" என்றார். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், ஊருக்கு வேறு வேலை என்ன? இந்த மனுஷரே தன்னை நம்புவதை விட்டுவிட்டாரே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவரை மறுபடியும் அவரே நம்ப வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கரி துடைப்பது ஏதோ வீடு துடைக்கிற காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் பட்டால் போச்சு, கரி கரைந்து சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. உலர்ந்த ரப்பர் பஞ்சை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. பஞ்சின் முகம் கறுத்ததும் கத்தியால் அந்த ஏட்டை அரிந்துவிட்டுப் புது முகத்தால் இழுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்களில் அவள் கைதான் பதமான கை. துடைத்த இடமும் துடைக்காத இடமும் சேர்கிற விளிம்பு தெரியாமல் இழுப்பாள். பஞ்சக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பழுதுபார்க்கும் வேலைக்குப் பொறுப்பாக ஒரு பொறியாளர் அம்மா இருந்தார். எந்நேரமும் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் பெண்கள் தங்களுக்குள் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அவர் போட்ட விதி இரண்டு. ஒன்று, படம் எடுத்து எண் போடாமல் எந்த இடத்திலும் பஞ்சு படக் கூடாது; படம் எடுத்தாகிவிட்டால் தாராளமாகத் துடைக்கலாம். இரண்டு, ஒவ்வொரு சுவரிலும் ஒரு சாண் சதுரத்தைத் துடைக்காமல் அப்படியே கறுப்பாக விட வேண்டும். தீப்பிடித்தது உண்மை என்று நாளைக்கு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்குச் சாட்சிக் கட்டம் என்று பெயர். எங்கே விடுவது என்பதை அவரே நாடா ஒட்டிக் குறிப்பார்.

கிழக்குச் சுவருக்கு வந்த அன்று காலையிலிருந்தே அவளுக்குக் கை ஓடவில்லை. தீ அணைந்த வாரமே தகரம் போட்டு மூடியதால் மழை படாத சுவர், முழுக்கக் கரி. அதில் எங்கெங்கே என்ன மாட்டியிருந்ததோ அங்கங்கே அதன் உருவம் வெளுப்பாக நின்றது. கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம். அறிவிப்புப் பலகை இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். சின்ன ஆணி ஒன்றின் கீழே ஒரு சாவிக்கொத்தின் உருவம், ஒவ்வொரு சாவியும் பல்லோடு தனித்தனியாகத் தெரிந்தது. அவர் சாவிக்கொத்துதான். அந்த நீளச் சாவியை அவளுக்குத் தெரியாதா? காவலில் உட்கார்ந்தால் ஆணியில் மாட்டிவைப்பார்; வீட்டுக்கு வரும்போது அவர் இடுப்பில் பதினெட்டு வருடம் பார்த்த சாவி.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.

கொக்கிக்குக் கீழே வெளுப்பு இல்லை. பக்கத்தில் எப்படியோ அப்படியே ஒரே சீராகக் கரி. கடிகாரத்துக்குப் பின்னால் வெளுத்த சுவர், சாவிக்குப் பின்னால் வெளுத்த சுவர், விசாரணைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போன, ஒரு சிறு பிள்ளை உயரத்துக்கு இருக்கிற சிலிண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுக்கவில்லை. தீ எரிந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. பிறகுதான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். குட்டு மூன்று வருடமாகச் சுவரில் பட்டவர்த்தனமாகக் கிடந்திருக்கிறது, பார்க்கத்தான் ஒருவருக்கும் கண் இல்லை.

"அம்மா! ஒரு நிமிஷம் வாங்கம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூதக்கண்ணாடி அம்மா வந்து, கொக்கியைக் கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். கொக்கியின் உள்வளைவிலும் கரி இருந்தது. அந்தக் கரியின் மேல் ஒரு கீறல்.

"கரி முதல்ல படிஞ்சிருக்கு. கீறல் அப்புறம் விழுந்திருக்கு" என்றார். "தீ அணைஞ்ச பிறகு யாரோ இதுல எதையோ மாட்டியிருக்காங்க. உங்களுக்கு எப்படி இது கண்ணுல பட்டுச்சு அக்கா?"

"அந்தக் காவலாளி என் வீட்டுக்காரர்."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்துக் கொக்கியைச் சுற்றிப் பெரிய சதுரமாக ஒட்டினார்.

"இந்தச் சுவத்துக்கு இதுதான் சாட்சிக் கட்டம். யாரும் தொடக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

அன்று அவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடங்கிய விரல்களால் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் ஊசியை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

"உன் மேல கரி வாசனை வருது."

"ஆஸ்பத்திரியில கொதிகலன் இருக்குல்ல, அதான்" என்று சொல்லிவிட்டாள். அப்படி ஏன் சொன்னாள்? இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பார் என்று நினைத்தாள். திறப்பு விழா அன்று ஊரே வரும்போது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும், அவரே தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, மறுபடியும் தைக்க ஆரம்பித்தார்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது செயலாளர் பார்வையிட வந்தார். கூடவே தீப் பாதுகாப்பு ஆய்வாளர். செயலாளர் மாறவே இல்லை. அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. காவலாளியின் மனைவியை அவர் வாழ்நாளில் ஏறிட்டுப் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கவில்லை. கொக்கிக்கு முன்னால் வந்ததும் மட்டும் சிரிப்பு லேசாகச் சுருங்கியது.

"இது என்ன இவ்ளோ பெரிய கறுப்பு? வர்றவங்க முதல்ல பாக்கற இடமாச்சே! மேல ஓரமா எங்கயாவது சின்னதா விடுங்க. இங்க புது சிலிண்டர் மாட்டணும். சட்டப்படி மாட்டணும், இல்லையா சார்?"

"ஆமா, வாசல் பக்கத்துல கட்டாயம் வேணும்" என்றார் ஆய்வாளர். பாவம், அவர் சொன்னதில் தப்பில்லை.

பூதக்கண்ணாடி அம்மா எதிர்த்துப் பேசத்தான் பார்த்தார். இரண்டு வாக்கியம் பேசினார். செயலாளர் அவரைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போய்க் கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, படம் எடுத்தாச்சு. பன்னிரண்டு படம், கிட்டக்க, தூரத்துல, எல்லாம். என் அறிக்கையில எழுதிட்டேன். கண்காட்சியில அந்தப் படத்த ஆள் உயரத்துக்குப் பெரிசா வைக்கப் போறோம், செயலாளரே சரின்னு சொல்லிட்டாரு. பதிவு ஆயிடுச்சுன்னா அப்புறம் சுவர் வெறும் சுவர்தானே?"

"நெஜமா வைப்பீங்களாம்மா?"

"நெஜமா."

மேஸ்திரி வேறொரு பெண்ணைத்தான் துடைக்கச் சொன்னார். இவள்தான் நடுவில் புகுந்து, "வேணாம், நானே பண்றேன்" என்றாள். அது அவருடைய சுவர் ஆயிற்றே, கண்டவர்கள் கையில் கொடுத்துத் திட்டுத்திட்டாக விடுவதா என்று ஒரு வீம்பு. தவிர, படம் எடுத்தாகிவிட்டால் துடைக்கலாம். மூன்று மாதமாக எத்தனையோ சுவர்களில் அந்த விதியை அவள் நம்பியிருக்கிறாள், ஒரு தடவைகூட அது ஏமாற்றவில்லை. புதுப் பஞ்சு எடுத்தாள். மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு, ஏடு அரிதல், மறுபடி இழுப்பு. கொக்கியின் உள்வளைவைச் சுண்டுவிரலில் துணி சுற்றித் துடைத்தாள். மதியத்துக்குள் அங்கே ஒரு காலத்தில் கரி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப முடியாதபடி சுவர் பால் மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "கை இல்ல இது, தங்கம்" என்றார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை என்ன சொல்ல!

திறப்பு விழாவுக்கு அவரைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"என்ன எதுக்கு அங்க இழுக்கற?"

"ஒரு தடவ எனக்காக வாங்க. அப்புறம் நான் எதுவுமே கேக்க மாட்டேன்."

புதுக் கூரைக்குக் கீழே ஒரே கூட்டம். வாசலிலேயே செயலாளர் அவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் நேராக வந்து, எல்லோரும் பார்க்கத் தோளில் கை போட்டார்.

"வாப்பா, வா. பழசெல்லாம் நாங்க மறந்துட்டோம்."

மறந்தார்களாம்! அவர் வெந்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் அவரைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்காட்சி அறைக்கு அழைத்துப் போனாள்.

படம் இருந்தது. ஆள் உயரத்துக்குத்தான் இருந்தது. சொன்ன சொல் தவறவில்லை பாருங்கள்! ஆனால் அது பூதக்கண்ணாடி அம்மா எடுத்த படம் இல்லை. மூன்றாம் நாள் விசாரணைக்காரர்கள் எடுத்த படம். அதே கிழக்குச் சுவர், அதே கொக்கி, அதில் கரி பூசின சிலிண்டர். கீழே தடித்த எழுத்தில், "எட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்கப்படாத தீயணைப்புக் கருவி."

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையின் மூலையில் நின்றிருந்த பூதக்கண்ணாடி அம்மா தரையைப் பார்த்தார். அவள் கிட்டே போய், "அந்தப் படம் எங்கம்மா?" என்றாள்.

"அறிக்கையில இருக்கு அக்கா. இருநூத்தி நாப்பதாம் பக்கம். 'கொக்கியின் பின்புறம் கரிப்படிவு சீராக உள்ளது'ன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

"அத யாரு படிப்பாங்க?"

அந்த அம்மா கழுத்திலிருந்த கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தால் அவரைக் காணோம். அவள் பதறிப்போய்த் தேடினாள். அவர் கிழக்கு வாசலில், தன் பழைய நாற்காலி இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கிழக்குச் சுவர்க் கொக்கியில் பளபளவென்று புதுச் சிவப்புச் சிலிண்டர். அவள் கூப்பிடுவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடியபடி நடக்க ஆரம்பித்தார். யாரோ ஒருவர், "குடிச்சிருக்காரா?" என்று கேட்டார். ஏழு தப்படி. வெந்த கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். கை கொஞ்சம்கூடத் தடுமாறாமல் நேராகச் சிலிண்டரின் கழுத்தில் போய் உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தார். மூன்று வருடமாக அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது.

"நான் சுவரு மாறல" என்றார். "அன்னிக்கும் கை இங்கதான் வந்துச்சு. இதே எடம். அன்னிக்கு வெறும் கொக்கிதான் இருந்துச்சு. நான் சொன்னது சரிதான்."

"சரிதாங்க! சரிதான்! நான் கண்ணால பாத்தேன்!" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இங்கே வேலை செய்ததை, கடிகாரத்தின் வட்டத்தை, அவர் சாவிக்கொத்தை, கொக்கிக்குக் கீழே சீராக இருந்த கரியை. அவர் கேட்டுக்கொண்டே சிலிண்டருக்குப் பின்னால் விரலை விட்டுச் சுவரைத் தடவினார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கில்லை.

"யாரு துடைச்சா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சுத்தமாக இருந்த அந்த விரலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கையை மறுபடியும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நீ இங்க வேலைக்கு வர்றது எனக்கு முதல் வாரமே தெரியும். இந்தக் கரி வாசனை எனக்குத் தெரியாதா?" என்றார். "அந்தச் சுவத்தப் பாத்துட்டு நீ என்னிக்காவது எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுவேன்னு, தினமும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தேன்."